பெட்டைகளின் முறை

வாத்தக்காவுக்கு அந்த வருஷம் வாத்துகளைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

வாத்துகள் பாவம், அவை ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஜீவனைத் தொலைநோக்கி வழியாக இருபது வருஷத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். கட்டின புருஷனைக்கூட யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவளே சொல்வாள். அவளுக்குக் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். பறவை ஆய்வு நிலையத்தில் அவள் மூத்த ஆய்வாளர். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீர்த்தேக்கத்தின் கரையில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ், அவ்வளவுதான். முன்னறையில் வலைகள், தராசு, கால்வளையப் பெட்டிகள், எப்போதும் காயாத ரப்பர் கால்சட்டை இரண்டு. பின்னறையில் இரண்டு கட்டில். ஷட்டரில் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் வாத்தக்கா. அது அப்படி ஒட்டிக்கொண்டதில், நீர்வாரிய இன்ஜினியரின் போனிலும் அவள் அந்தப் பெயரில்தான் இருந்தாள்.

அசதிக்குக் காரணம் வாத்து மட்டும் இல்லை. பஸ்ஸில் ஒரு முழுப் பகல் தூரத்தில் அவள் வீடு இருந்தது. அங்கே பக்கவாதம் வந்து படுத்த அப்பா இருந்தார். அவரைத் தங்கைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாகத் தங்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மழை முடியட்டும், வந்துடறேன்", "இந்தக் கணக்கெடுப்பு முடியட்டும், வந்துடறேன்" என்று அக்காக்காரி சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் ஓடியிருந்தது. ஒவ்வொரு முறையும் தங்கை "சரிக்கா" என்பாள். கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை. அந்த "சரிக்கா" இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த முறை வாத்தக்கா நீண்ட விடுப்பே எழுதி வாங்கிவிட்டாள். சனிக்கிழமை கிளம்புவது, அப்பாவின் கட்டிலருகே போய் உட்காருவது, தங்கையை எழுப்பி வெளியே அனுப்புவது என்று முடிவு. தங்கையிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியும் ஆகிவிட்டது. அதற்குத் தங்கை "நிஜமாவாக்கா?" என்று கேட்டாள். அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்டதே அதிசயம்.

அதற்கு முன்னால் ஷட்டர் விஷயம் ஒன்று முடிய வேண்டியிருந்தது. நீர்த்தேக்கத்தின் அடி ஷட்டரில் ரப்பர் போய் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டுமென்றால் தண்ணீரைத் தரை தெரிய வடிக்க வேண்டும். இன்ஜினியர் நல்ல மனிதர். "வாத்துங்களுக்குத் தொந்தரவு இல்லாத நாளா பாத்துச் சொல்லுங்க மேடம், அன்னைக்கே திறந்துடலாம்" என்று பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே இருந்தது பச்சைத்தலை வாத்து. பெயரென்னவோ பச்சைத்தலை, ஆனால் தலை பச்சையாக இருப்பது ஆணுக்கு மட்டும். அதுவும் வருஷம் முழுக்க இல்லை. பெட்டை முட்டையிட்டு அடைகாக்க உட்காரும்வரைதான் அந்த மாப்பிள்ளைக் கோலம். அவள் தன் மார்புத் தூவியையே பிடுங்கி மெத்தை போட்டு முட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டாள் என்றால் ஐயா கம்பி நீட்டிவிடுவார். தன்னைப் போன்ற நாலு ஆண்களோடு சேர்ந்துகொண்டு பச்சைத்தலையை உதிர்த்துவிடுவார். பெட்டையின் பழுப்பு உடைக்கே மாறிவிடுவார். கையோடு இறக்கையில் இருக்கிற பறக்கும் இறகுகள் மொத்தத்தையும் ஒரே வீச்சில் கொட்டிவிடுவார். வேறு பல பறவைகள் இறகை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு, எப்படியோ ஒப்பேற்றிப் பறந்துகொண்டிருக்கும். வாத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. புது இறகு வளர்ந்து வர ஒரு மாதம் போல ஆகும். அதுவரை கோரைப் புதருக்குள் பதுங்கி, இருக்கிற இடம் தெரியாமல் காலம் தள்ள வேண்டியதுதான். அந்த நேரத்தில் தண்ணீரை வடித்தால் சுற்றிலும் வெறும் சேறாகிவிடும். தெருநாய்கள் சாவகாசமாக நடந்து வந்து பொறுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே வாத்தக்கா பார்த்தாள். வரிசையாகச் சில மாலைகள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பழுப்பு வாத்துகளின் பெருங்கூட்டம் ஒன்று எதிர்க்கரைப் பக்கம் எழுந்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து இறங்கியது. நன்றாகவே பறந்தன. இறக்கைகளில் ஒரு குறையும் இல்லை. அவள் எழுந்து, நாற்காலியை மடக்கி, இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் பறக்குது சார். திறந்துக்கோங்க."

மறுநாளே காண்ட்ராக்டர் கிரேனோடும் ஆட்களோடும் வந்து இறங்கினார். வாத்தக்கா துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஷட்டர் தூக்குகிறதா என்று சும்மா ஒருமுறை பார்த்தார்கள். ஒரு சாண் தூக்குவது, உடனே இறக்கிவிடுவது, அவ்வளவுதான் திட்டம். பல வருஷத் துரு. இரும்பு போட்ட கூச்சலில் கரையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வாத்துக் கூட்டம் மொத்தமும் அரண்டு எழுந்து, டீ கிளாஸோடு நின்ற வாத்தக்காவின் தலைக்கு மேலாகப் போனது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. பறந்தது சரியாகத்தான் இருந்தது, எண்ணிக்கையும் சரியாகத்தான் இருந்தது. டீயை இன்னொரு வாய் உறிஞ்சினாள். அப்புறம்தான் உறைத்தது. சத்தம்.

ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட வாத்து மாதிரி கத்திக் காட்டும் அல்லவா, "குவாக் குவாக்" என்று. அந்தக் கத்தல் பெட்டையினுடையது. ஆணுக்கு அது வராது. தொண்டை கட்டின ஆள் கூப்பிடுவதுபோல ஒரு கரகரப்புதான் வரும். தலைக்கு மேல் போன கூட்டம் முழுக்கக் கரகரத்துக்கொண்டு போனது. ஒன்றுகூட வாய்விட்டுக் கத்தவில்லை.

அத்தனையும் ஆண்கள். முதலில் ஓடிப்போய், முதலில் இறகு உதிர்த்து, முதலில் புது இறகும் வாங்கிக்கொண்டு, உடம்பில் பழுப்பு உடையை மட்டும் இன்னும் மாற்றாமல் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஆண்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரு குடும்பக் கூட்டம் போலத் தெரியும். அலகின் நிறத்தை வைத்துப் பிரித்துவிடலாம்தான். அதற்கு வாத்தக்கா எதிர்க்கரைக்கு நடந்து போயிருக்க வேண்டும். முழங்கால் வலித்தது, போகவில்லை. அசதியாக இருந்தது, போகவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும் என்று இருந்தது. பறக்கிறது என்று நம்பத்தான் மனசுக்கு ஆசை, நம்பிவிட்டாள்.

அப்படியானால் பெட்டைகள் எங்கே? ஆண்கள் கம்பி நீட்டிய பிறகு அவை தனியாக அடைகாத்தன. குஞ்சு பொரித்த மறுநாளே அத்தனையையும் தண்ணீருக்கு நடத்திக்கொண்டு வந்தன. பருந்துக்கும் ஆமைக்கும் பயந்து பயந்து வளர்த்தன. குஞ்சுகள் சொந்தமாகப் பறந்து போகும்வரை தன் இறகைப் பற்றி நினைக்கப் பெட்டைக்கு நேரமில்லை. எல்லாரும் பறந்த பிறகுதான் அவள் முறை வரும். ஆண்களுக்கு இறகு முளைத்து முடிகிற சமயத்தில் அவளுக்கு உதிரவே ஆரம்பித்திருக்கும். வாத்தைப் பற்றிப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் அது. வாத்தக்காவே எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்திருக்கிறாள்.

ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கோரைக்குள் இறங்கினாள். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் ஓரத்தில் பாசியோடு பாசியாக இறகுகள் ஒதுங்கிக் கிடந்தன. நீலப் பட்டை போட்ட இறகுகள், உதிர்ந்து நிறம்கூட மங்கவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்ததும் காலடியில் ஒரு பெட்டை கிளம்பியது. பறக்கவில்லை. இரண்டு மொட்டைக் கைகளால் தண்ணீரை அடித்துக்கொண்டு, படகு துடுப்பு போடுவதுபோல விழுந்தடித்து ஓடி இன்னொரு புதருக்குள் நுழைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று ஓடியது. அப்புறம் கோரை நெடுக அசைந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன்னைத் தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

இன்ஜினியரின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்று வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மகள் கல்யாணப் படம். பக்கத்தில் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை.

"சார், தண்ணிய இறக்காதீங்க" என்றாள் வாத்தக்கா. உட்காரக்கூட இல்லை. கால்சட்டையிலிருந்து சேறு சொட்டியது.

"நீங்கதானே மேடம் திறக்கச் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பறக்குறதெல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைங்க இன்னும் கோரைக்குள்ளதான் கெடக்குதுங்க. இப்பதான் இறகு கொட்டியிருக்கு."

இன்ஜினியர் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். "இன்னும் எவ்வளவு நாள்?"

"மூணு வாரம். ஒருவேளை கூடவும் ஆகலாம்."

"கிரேன் வந்து நிக்குது."

"தெரியும் சார்."

"நான் எல்லார் கிட்டயும் வாங்கிக் கட்டிக்கணும். அது பழக்கம்தான், விடுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டார். அவரும் தூங்கி எத்தனை நாளோ. "நிறுத்தி வைக்கிறேன். ஆனா ஒண்ணு. நீங்க இங்க இருக்கணும். காண்ட்ராக்டர் தினம் வந்து நிப்பாரு. நீங்க கூட்டிட்டுப் போய் அந்த வாத்தைக் கண்ணால காட்டணும். பாத்தாத்தான் அவரு நம்புவாரு. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னா அடுத்த நாளே ஷட்டரைத் தூக்கிடுவாரு. என்னால தடுக்க முடியாது."

நிலையத்தில் வேறு ஆள் இருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பாள். இருந்த இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். வாத்தக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கட்டி வைத்த பெட்டி முன்னறையில் நின்றது. அதைத் தாண்டிப் பின்னறைக்குப் போக என்னவோ போல் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டாள். போட்டுவிட்டு, எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள். தங்கை எடுத்துவிட்டாள். பின்னால் அப்பா ஏதோ முனகுவது கேட்டது.

"சொல்லுக்கா. இரு, அப்பாவைப் பொரட்டிப் படுக்க வச்சிட்டு வரேன்." கொஞ்ச நேரம் கட்டில் கிறீச்சிடும் சத்தம். "ம், சொல்லு. எந்த பஸ்?"

"அது வந்து... ஒரு சிக்கல் ஆயிடுச்சுடி."



தப்பு செய்கிறவர்கள் விளக்கம் கொடுக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே கொடுப்பார்கள். வாத்தக்காவும் கொடுத்தாள். ஆண் வாத்து எப்படி முதலிலேயே கழன்றுகொள்ளும், பெட்டை எப்படி ஒண்டியாகக் குஞ்சுகளோடு கிடக்கும், எல்லாரும் பறந்த பிறகுதான் அதற்கு இறகு உதிரும், அந்த நேரம் அது எவ்வளவு பலவீனமாக இருக்கும், கைவிட்டால் என்ன ஆகும் என்று ஆதியோடந்தமாக விளக்கினாள். பாதியிலேயே தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

தங்கை கடைசிவரை கேட்டாள்.

"நல்ல காரியம்தான்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பொட்ட வாத்துக்கு மூணு வாரம் வாங்கிக் குடுத்துட்ட. எனக்கு யாருக்கா வாங்கிக் குடுப்பா?"

வாத்தக்கா போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சும்மா கேட்டேன். அப்பாவுக்குப் பால் சுட வைக்கணும். வச்சிடவா?" என்று வைத்துவிட்டாள்.

வாத்தக்கா அழுதாள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். ஆறு வருஷத்தில் தங்கையைப் பற்றி நினைத்ததே இல்லையா என்றால், நினைத்ததுண்டு. ஆனால் வீட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டது மற்றவர்கள். அப்பா தேறி வருகிறார் என்று டாக்டர் சொன்னது. தம்பி வெளிநாட்டில் நல்ல வேலையில் இருப்பது. தனக்குப் பேரும் பதவியும் கிடைத்தது. எல்லாரும் பறக்கிறார்கள், ஆக வீடு நன்றாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டாள். எதிர்க்கரைக்கு நடந்து போய்ப் பார்க்கவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ரொம்ப வருத்தப்பட்டான். வருத்தப்படுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "நான் மனசால அங்கதான்கா இருக்கேன்" என்றான். "மனசால ஆளைப் பொரட்டிப் படுக்க வைக்க முடியாதுடா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். தானும் இத்தனை நாள் மனசால்தான் அங்கே இருந்தோம் என்பது உடனே ஞாபகம் வந்து, திட்டிய திருப்திகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு தங்கைக்கே மறுபடி போட்டாள்.

"அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடு."

"என்னக்கா சொல்ற? அது வாத்து வீடு."

"வாத்து வெளியதான் இருக்கு. படுத்துக்கிட்டு வர மாதிரி வண்டி நான் அனுப்பறேன். டாக்டர் கிட்டயும் நானே பேசறேன். பின் ரூம் அப்பாவுக்கும் உனக்கும். அப்பாவை நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

"நீ எங்க படுப்ப?"

"வலை மேல."

தங்கை சிரித்தாளா பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. "உனக்கு அப்பாவைப் பாத்துக்கத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் வாத்தக்கா. "சொல்லிக் குடு."

வண்டி வந்தபோது முதலில் இறங்கியது தங்கைதான். வாத்தக்கா அவளைப் பார்த்து ஒரு கணம் யாரோ என்று நினைத்துவிட்டாள். தலையில் பாதிக்கு மேல் நரை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு காலிலும் வேறு வேறு ஜோடிச் செருப்பு. அது அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. எட்டு வயசு இளையவள், இப்போது சேர்ந்து நின்றால் யார் அக்கா என்று கேட்பார்கள். அப்பாவோ சவரம் செய்து, பவுடர் போட்டு, நகம் வெட்டி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார்.

"இதான் உன் ஆபீஸா?" என்றார் அப்பா, ஒரு பக்கம் இழுத்த வாயால். "நாறுது."

"பாசிப்பா. பழகிடும்."

தங்கை பாடம் எடுத்தாள். எந்தப் பக்கம் எத்தனை நேரம் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பையை எங்கே தொங்கவிடுவது, குதிகாலுக்கு அடியில் எப்படித் துணியைச் சுருட்டி வைப்பது. தண்ணீரை டம்ளரில் தரக் கூடாது, புரையேறிவிடும். தலையைத் தூக்கிப் பிடித்து ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒரு ஸ்பூன் இறங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அக்காக்காரி பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். வாத்தைப் பிடித்து எடை போட்டுக் காலில் வளையம் மாட்டுகிற கைக்கு, அப்பாவைப் புரட்ட எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

"எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ எங்கயாவது போய்ட்டு வா. உன் ஃபிரெண்டு வீட்டுக்குப் போகணும்னு சொல்லிட்டிருந்தியே?"

"போலாம்" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். எங்கேயும் போகவில்லை.

அடுத்த நாளும் போகவில்லை. தூங்குவாள் என்று பார்த்தால் தூங்கவும் இல்லை. வாத்துகள் தூங்கும்போது வரிசையின் ஓரத்தில் இருக்கிறது வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு தூங்கும். மூளையில் பாதி உறங்கும், பாதி காவல் காக்கும். தங்கை அந்த ரகமாகிப் போயிருந்தாள். அப்பா இருமினால் எழுந்து உட்கார்ந்தாள். அப்பா இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று எழுந்து பார்த்தாள். "நான் இருக்கேன், நீ படு" என்று வாத்தக்கா ஒவ்வொரு முறையும் சொன்னாள். "சரிக்கா" என்று படுப்பாள். அடுத்த இருமலுக்கு எழுந்துவிடுவாள்.

"என்னால நிறுத்த முடியலக்கா" என்றாள் ஒருநாள், டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு. "உடம்பு கேக்க மாட்டேங்குது. நீ கோவிச்சுக்காத."

"நான் எதுக்குடி கோவிச்சுக்கணும்" என்றாள் வாத்தக்கா. அவளுக்குத் தன்மேல்தான் கோபம். அதை இறக்கி வைக்க இடமில்லை.

காலைகளில் காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். முதல் நாள் முறைப்பாகவே வந்தார். வாத்தக்கா அவருக்கு இன்னொரு ரப்பர் கால்சட்டையைக் கொடுத்துக் கோரைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் முறைப்பெல்லாம் போய், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு பெட்டை மொட்டைக் கைகளை அடித்துக்கொண்டு அவர் முன்னால் ஓடியது.

"இதுக்கு இறக்கை எங்க மேடம்?"

"இப்பதான் முளைக்குது."

அவர் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் சம்சாரம் புள்ள பெத்த பிறகு இப்படித்தான் முடியெல்லாம் கொட்டி உக்காந்திருந்தா" என்றார். "நான் அப்ப வெளியூர்ல வேலையில இருந்தேன்." மறுநாளிலிருந்து வந்தாலும் கரையில் நின்று "இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கிரேன் வேறு வேலைக்குப் போனது.

வாத்தக்கா தேய்ந்துகொண்டிருந்தாள். விடிந்ததும் கோரை, அப்புறம் அப்பா, மத்தியானம் வலையில் பெட்டைகளைப் பிடித்து இறகு அளப்பது, மறுபடி அப்பா. முழங்கால் வீங்கிவிட்டது. அப்பாவின் துணிகளை அலசும்போது அப்படியே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனாள். இரண்டு வாரத்திலேயே தனக்கு இப்படி நாக்குத் தள்ளுகிறதே, இதை ஆறு வருஷம் ஒருத்தி எப்படிச் செய்தாள் என்று நினைத்தாள். நினைத்ததைத் தங்கையிடம் சொல்லவும் செய்தாள். "எப்படியோ ஓடிடுச்சு" என்றாள் தங்கை. அவ்வளவுதான் பதில்.

ஒருநாள் மத்தியானம் வாத்தக்கா கோரைக்குள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பெட்டை. இறக்கையை விரித்துப் பார்த்தாள். புது இறகுகள் உறையிலிருந்து பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தன, அடியில் மட்டும் இன்னும் ரத்தம் ஓடும் குருத்து. இன்னும் ஒரு வாரம் போனால் எழும்பிவிடும். நல்ல சேதியாக இருந்தது. அப்போதுதான் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

கூப்பிடுகிறார். மறுபடி கூப்பிடுகிறார். தங்கையின் பெயரைச் சொல்லி, நிறுத்தாமல், குரல் உடைய உடையக் கூப்பிடுகிறார்.

தங்கை கூடவே இருக்கிறாளே, எதற்கு இத்தனை கூப்பாடு என்று நினைத்தாள். ஒரு இருமலுக்கு எழுந்துவிடுகிறவள். வாத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பினாள். சேற்றில் கால் ஓட வரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, விழுந்து, எழுந்து, கரையேறி, முன்னறையில் வலைகள் தடுக்கப் பின்னறை வாசலில் போய் நின்றாள்.

அப்பா கட்டிலில் வியர்த்துக் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில், கையை நீட்டினால் அவருக்கு எட்டும் தூரத்தில், தங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. "எந்திரிக்கவே மாட்டேங்கிறா. அவளுக்கு மூச்சு இருக்கா பாரு."

வாத்தக்கா சேற்றுக் கையோடு மண்டியிட்டுத் தங்கையின் முகத்தருகே குனிந்தாள். சூடான மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. லேசான குறட்டைகூட வந்தது. தலையணையில் எச்சில் ஒழுகி நனைந்திருந்தது. அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். வாத்தக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இருக்குப்பா. தூங்கறா."

"தூங்கறாளா?" அப்பா நம்பவில்லை. "இவ இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லையே."

"நான் இருக்கேன்ல. அதான் தூங்கறா. உங்களுக்கு என்ன வேணும்?"

"தண்ணி."

அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் தலையைத் தூக்கித் தன் கையில் தாங்கிக்கொண்டு, ஸ்பூனை டம்ளரில் விட்டாள். ஸ்பூன் டம்ளரில் பட்டு 'டிங்' என்றது. அப்பா திடுக்கிட்டுப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே அசைவில்லை.

அவர் தன் நல்ல கையை உயர்த்தி, உதட்டில் ஒரு விரலை வைத்தார்.

"மெதுவா ஊத்து" என்றார், காதோடு காதாக.